ஃபேட்டி லிவர் எப்போது தழும்பாகிறது? எதிர்ப்பு செல்கள் அனுப்பும் குட்டி ‘பார்சல்’கள் சொல்லும் கதை

ஆபீஸில் வருஷாந்திர மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடிந்த மறுநாள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கேள்விதான் சுற்றும்: “உனக்கு எந்த கிரேடு?” ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று இருந்தால், “அது எல்லாருக்கும் இருக்கு மச்சி, விடு” என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அந்த ஆறுதலில் பாதி உண்மை இருக்கிறது. ஹைதராபாத்தில் ஐ.டி. ஊழியர்கள் 345 பேரைப் பரிசோதித்து 2025இல் வெளியான ஆய்வில், 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தது. நாடு முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2022ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, இந்தியப் பெரியவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. ‘எல்லாருக்கும்’ இல்லை. ஆனால், மூன்றில் ஒருவருக்கு மேல்.

சிக்கல் மீதிப் பாதியில் இருக்கிறது. கொழுப்பு படிந்த கல்லீரல் எல்லாமே கெட்டுப்போவதில்லை. பலருக்கு அது கடைசிவரை வெறும் கொழுப்பாகவே இருந்துவிட்டுப் போகும். சிலருக்கு மட்டும் அங்கே அழற்சி தொடங்கி, தழும்பு விழுந்து, பல வருடங்களில் சிரோசிஸ் வரை போய்விடுகிறது. உயிருக்கு உலை வைப்பது அந்தத் தழும்புதான். ஸ்கேனில் எழுதப்படும் ‘கிரேடு’ கொழுப்பின் அளவை மட்டுமே சொல்கிறது. தழும்பைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. தழும்புக்கு எஃப் 0 முதல் எஃப் 4 வரை தனிக் கணக்கு உண்டு. கிரேடு 1 கொழுப்போடு எஃப் 3 தழும்பு இருப்பவரும் உண்டு. கிரேடு 3 கொழுப்போடு தழும்பே இல்லாதவரும் உண்டு.

அப்படியானால் யாருக்குத் தழும்பு விழும், யாருக்கு விழாது? கடந்த சில ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இந்தக் கேள்விக்கான விடையை நம் நோய் எதிர்ப்பு செல்கள் அனுப்பும் மிகச் சிறிய பொட்டலங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றுக்குப் பெயர் எக்ஸோசோம். இதே பெயரை முடி வளர்க்கும் கிளினிக் விளம்பரத்திலும் நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

தழும்பு எப்படி விழுகிறது?

கல்லீரலில் ‘நட்சத்திர செல்’ என்று ஒருவகை இருக்கிறது. 1876இல் ஜெர்மன் உடற்கூறியல் அறிஞர் கார்ல் வான் குப்ஃபர் முதலில் விவரித்தது. சாதாரண நாட்களில் இது ஒரு சாது. வைட்டமின் ஏ-வைக் கொழுப்புத் துளிகளில் சேமித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். நம் உடம்பின் வைட்டமின் ஏ இருப்பில் பெரும்பங்கு இந்த செல்களிடம்தான் இருக்கிறது.

கல்லீரலுக்கு அடிபட்டால் இந்தச் சாது மாறிவிடும். சாராயமோ, ஹெபடைடிஸ் வைரஸோ, அளவுக்கு மீறிய கொழுப்போ, அடி எதனால் வந்தாலும் சரி. சேமித்த வைட்டமினை இழந்து, உருவம் மாறி, கொலாஜன் நார்களை நூற்றுத் தள்ள ஆரம்பிக்கும். கையில் வெட்டுப்பட்டால் தோலை இழுத்து மூடும் அதே வேலைதான். கையில் காயம் ஒருமுறை பட்டு ஆறிவிடும். கல்லீரலில் அடி தினமும் விழுகிறது. அதனால் தையலும் தினமும் நடக்கிறது. பல வருடங்களில் மென்மையான உறுப்பு கெட்டித்துப்போய், ரத்தம் உள்ளே நுழையவே திணறும்.

தழும்பு விழுந்தால் போகாது என்றுதான் நெடுங்காலம் மருத்துவர்களே நம்பினார்கள். அது தப்பு என்று நிரூபித்தவை வைரஸ் மருந்துகள். ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு டெனோஃபோவிர் மாத்திரையை ஐந்து வருடம் கொடுத்து, முன்னும் பின்னும் பயாப்சி எடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்து வருடம் கழித்து சிரோசிஸ் இல்லை. அடியை நிறுத்தினால் கல்லீரல் தன் தழும்பைத் தானே கரைத்துக்கொள்ள முயல்கிறது.

அப்போ, தழும்பைப் போடச் சொல்வது யார்? கரைக்கச் சொல்வது யார்?

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து நடந்து, 2005இல் வெளியான ஒரு சோதனை இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. மேக்ரோஃபேஜ் என்பது நோய் எதிர்ப்புப் படையில் ஒருவகை செல். கிருமி, செத்த செல், குப்பை என எதையும் விழுங்கும். கல்லீரலிலேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜுக்குத்தான் குப்ஃபர் செல் என்று பெயர். எலிகளின் கல்லீரலைக் காயப்படுத்திக்கொண்டிருக்கும்போதே இந்த மேக்ரோஃபேஜ்களை நீக்கினார்கள், தழும்பு குறைந்தது. இன்னொரு பக்கம், காயப்படுத்துவதை நிறுத்திவிட்டு, ஆறிக்கொண்டிருக்கும் கட்டத்தில் நீக்கினார்கள். கரைய வேண்டிய தழும்பு கரையாமல் நின்றுவிட்டது.

ஒரே வகை செல் ஒரு சமயத்தில் தழும்புக்குத் துணை போகிறது, இன்னொரு சமயத்தில் அதைத் துடைக்கிறது. அதனால், ‘அழற்சியை அடக்கிவிட்டால் போதும்’ என்ற எளிய சிகிச்சை யோசனை அன்றோடு ஆட்டம் கண்டது. எந்த செல் இருக்கிறது என்பதைவிட, அந்த செல் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதே முக்கியம் என்றாகிவிட்டது. எக்ஸோசோம் இங்கேதான் கதைக்குள் வருகிறது.

குப்பை என்று நினைத்தது கூரியர் ஆனது

எக்ஸோசோம் 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள ஒரு குமிழி. உங்கள் ஒற்றைத் தலைமுடியின் குறுக்கே ஏறக்குறைய ஆயிரம் எக்ஸோசோம்களை வரிசையாக நிறுத்தலாம். 1983இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு, முதிராத ஆட்டு ரத்தச் சிவப்பணுக்களை ஆராயும்போது இதைக் கண்டது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஒரு குழு எலி ரத்தத்தில் கண்டது. முதிரும் சிவப்பணு தனக்கு இனி தேவைப்படாத புரதங்களை மூட்டை கட்டி வெளியே எறிகிறது என்று புரிந்துகொண்டார்கள். அதாவது, குப்பை மூட்டை. அதன் பிறகு பல வருடங்களுக்கு யாரும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1996இல் பி செல் என்னும் எதிர்ப்பு செல்லும் இதே மூட்டைகளை விடுகிறது, அவற்றைக் கொண்டு மற்ற எதிர்ப்பு செல்களைத் தூண்டவும் முடியும் என்று தெரிந்தது. 2007இல் ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஆர்.என்.ஏ. இருந்தது. எலியின் செல் விட்ட எக்ஸோசோமை மனித செல்லோடு சேர்த்து வைத்தார்கள். மனித செல் எலியின் புரதத்தைத் தயாரிக்க ஆரம்பித்தது! ஒரு செல் எழுதிய குறிப்பை வேறொரு செல் படித்து, அதன்படி வேலையும் செய்கிறது. குப்பை வண்டி என்று நினைத்தது கூரியர் வண்டியாகிப்போனது.

அந்தப் பார்சலுக்குள் இருப்பவற்றில் இப்போது அதிகம் பேசப்படுவது மைக்ரோஆர்.என்.ஏ. இது புரதம் செய்யச் சொல்லும் கட்டளை அல்ல. ஏற்கெனவே இருக்கும் கட்டளையை அமுக்கும் துண்டுச் சீட்டு. இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

கல்லீரலில் என்ன எழுதி அனுப்புகிறார்கள்?

முதலில் கெட்ட செய்தி. குடல் பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கு ஒன்றைக் கொண்டு மேக்ரோஃபேஜை உசுப்பிவிட்டு, அது விடும் எக்ஸோசோமை நட்சத்திர செல்களின் மேல் ஊற்றிப் பார்த்தார்கள். அதில் மி.ஆர்-103-3பி என்ற துண்டுச் சீட்டு அதிகம் இருந்தது. அது நட்சத்திர செல்லுக்குள் கேஎல்எஃப்4 என்ற ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தை அமுக்கியது. செல் விழித்துக்கொண்டு நார் நூற்கத் தயாரானது. 2020இல் வந்த ஆய்வு இது. குடல் சுவர் பலவீனமாகிப் பாக்டீரியாத் துணுக்குகள் கல்லீரலுக்குக் கசிவது ஃபேட்டி லிவர்காரர்களிடமும் குடிப்பவர்களிடமும் நடப்பதுதான். அதனால் இதை வெறும் ஆய்வகக் கூத்து என்று தள்ளிவிட முடியாது.

உசுப்பல் ஒருவழிப் பாதையும் அல்ல. கொழுப்பால் திணறும் கல்லீரல் செல்கள் தாங்களே பொட்டலம் அனுப்பி மேக்ரோஃபேஜ்களைச் சூடாக்குகின்றன என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். கல்லீரல் செல் அலற, மேக்ரோஃபேஜ் பதற, நட்சத்திர செல் தையல் ஊசியை எடுக்கிறது.

நல்ல செய்தியும் அதே கூரியரில்தான் வருகிறது. மி.ஆர்-223 என்ற சீட்டு நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்ற எதிர்ப்பு செல்களிடம் ஏராளம். கல்லீரல் செல்களிடம் இயல்பாகக் குறைவு. அழற்சி வந்து கல்லீரலுக்குள் படையெடுக்கும் நியூட்ரோஃபில், எரிப்பதோடு நிற்காமல், இந்தச் சீட்டைப் பொட்டலத்தில் வைத்துக் கல்லீரல் செல்லுக்கும் கொடுக்கிறது. அங்கே போய் அது அழற்சி, நார் சம்பந்தப்பட்ட கட்டளைகளை அமுக்குகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு 2021இல் வெளியிட்டது இது. இந்தப் பொட்டலம் உள்ளே நுழையும் வாசல்தான் இன்னும் சுவாரசியம். ரத்தத்தில் உள்ள ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எல்.டி.எல். நுழையும் அதே வாசல். இயற்கை கல்லீரலுக்கென்று தனிக் கதவு வைக்கவில்லை. பால்காரருக்கும் கூரியர்காரருக்கும் ஒரே கேட்.

கொல்லும் செல் என்று பெயர் வாங்கிய என்.கே. செல்லின் எக்ஸோசோமும் இதே மி.ஆர்-223ஐக் கொண்டுபோய் நட்சத்திர செல்லை அமைதிப்படுத்துவதாக ஆய்வக முடிவு உண்டு. டி செல்கள் விடும் சற்றுப் பெரிய குமிழிகள் பட்டால், நட்சத்திர செல் நாரைக் கரைக்கும் நொதிகளைக் கூடுதலாகச் சுரக்கிறது என்று 2011லேயே ஒரு குழு சொன்னது.

எடின்பரோ எலிகள் சொன்ன இரட்டை வேடத்தின் விளக்கம் இங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்குகிறது. ‘எதிர்ப்பு செல்லின் எக்ஸோசோம்’ என்று பொதுவாகச் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. எந்த செல், எந்த மனநிலையில், யாருக்கு அனுப்பியது என்பதைப் பொறுத்து அது தழும்பைத் தொடங்கும் ஆர்டராகவும் இருக்கலாம், நிறுத்தும் ஆர்டராகவும் இருக்கலாம்.

கொஞ்சம் நிதானம் வேண்டும்

இங்கே நாம் உற்சாகத்துக்கு பிரேக் போட வேண்டியிருக்கிறது. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் நடந்தவை. தட்டில் ஊற்றும் எக்ஸோசோமின் அளவு, உடம்புக்குள் நிஜமாகவே ஒரு செல் சந்திக்கும் அளவைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

இதைவிடக் கடுமையான கேள்வியை 2014இல் ஒரு அமெரிக்கக் குழு எழுப்பியது. எக்ஸோசோம்களை எண்ணி, உள்ளே உள்ள மைக்ரோஆர்.என்.ஏ-வையும் எண்ணி வகுத்துப் பார்த்தார்கள். எந்த ஒரு சீட்டை எடுத்தாலும், சராசரியாக ஒரு எக்ஸோசோமுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பெரும்பாலான கவர்கள் அந்தச் சீட்டைப் பொறுத்தவரை காலி! அப்படியானால் செய்தி எப்படிச் சேர்கிறது? சில கவர்களில் மட்டும் நிறைய இருக்கிறதா? வேலை செய்வது சீட்டா, கவரின் மேல் ஒட்டியிருக்கும் புரதமா? துறைக்குள்ளேயே இதில் சண்டை ஓயவில்லை. ‘எக்ஸோசோம்’ என்ற சொல்லையே சுலபமாகப் பயன்படுத்தாதீர்கள், செல்லுக்குள் எங்கே உருவானது என்று நிரூபிக்க முடியாவிட்டால் பொதுவாக ‘செல் வெளிக் குமிழி’ என்று சொல்லுங்கள் என்று அத்துறையின் சர்வதேசச் சங்கமே வழிகாட்டியிருக்கிறது.

இந்தச் சந்தேகங்களால் ஆராய்ச்சி வீண் என்று ஆகிவிடாது. முதல் பலன் சிகிச்சையாக இல்லாமல் ரத்தப் பரிசோதனையாக வரலாம் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. கவரின் மேல், அனுப்பிய செல்லின் அடையாளம் ஒட்டியே இருக்கும். ஹெபடைடிஸ் சி நோயாளிகளின் ரத்தத்தில் டி செல்களிலிருந்து வந்த குமிழிகள் கூடியிருந்தன. ஃபேட்டி லிவர் அழற்சிக்காரர்களிடம் மேக்ரோஃபேஜ் குமிழிகள் கூடியிருந்தன என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. கல்லீரலில் ஊசி குத்தி சதை எடுக்காமலே, அங்கே யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று கை ரத்தத்தில் தெரிந்துகொள்ள முடிந்தால் அது சாதாரண விஷயமில்லை.

சிகிச்சை தூரத்தில் இருக்கிறது. எக்ஸோசோமுக்குப் பதில் மேக்ரோஃபேஜையே மருந்தாகக் கொடுத்துப் பார்க்கும் முயற்சி எடின்பரோவில் நடக்கிறது. சிரோசிஸ் நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, அவருக்கே திரும்பச் செலுத்துவது. 2019இல் வந்த முதல் கட்ட முடிவில் 9 பேருக்குப் பாதுகாப்பாக இருந்தது. அடுத்த கட்டத்தில், கல்லீரல் எவ்வளவு மோசம் என்பதை அளக்கும் மெல்ட் ஸ்கோரில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்களிடம் தீவிரமான கல்லீரல் சிக்கல்கள் குறைவாக இருந்தன. உயிருள்ள செல்லைவிட, அது எழுதும் கவரைச் சேமிப்பதும் அனுப்புவதும் சுலபம் என்பதால்தான் எக்ஸோசோம் மேல் இத்தனை கண்கள்.

கிளினிக் விளம்பரத்தில் இருப்பது என்ன?

இப்போது அந்த விளம்பரத்துக்கு வருவோம். முகப் பொலிவுக்கு எக்ஸோசோம், முடிக்கு எக்ஸோசோம், மூட்டு வலிக்கு எக்ஸோசோம் என்று இன்ஸ்டாகிராமில் ஸ்க்ரோல் பண்ணும்போதே வந்து விழுகிறது. கல்லீரலைப் ‘புதுப்பிக்க’ டிரிப்ஸில் ஏற்றுவதாகச் சொல்லும் வெளிநாட்டு கிளினிக்குகளும் உண்டு. அமெரிக்க எஃப்.டி.ஏ. இதுவரை எந்த நோய்க்கும் எந்த எக்ஸோசோம் தயாரிப்பையும் அங்கீகரிக்கவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கடும் பாதிப்பு வந்ததைத் தொடர்ந்து, 2019 டிசம்பரில் அது பொது எச்சரிக்கையே விட்டது.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். ரத்தக் குழாயில் ஏற்றும் எக்ஸோசோமில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடங்களில் முதன்மையானது கல்லீரல் என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. தழும்பைப் போடுவதா கரைப்பதா என்று பஞ்சாயத்து நடக்கும் அதே இடம். அங்கே, அனுப்புநர் பெயரில்லாத கோடிக்கணக்கான கவர்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அறிவியல் ‘எந்த செல், எந்த மனநிலை’ என்று திணறிக்கொண்டிருக்கும்போது, சந்தை ‘எக்ஸோசோம்’ என்ற ஒற்றைச் சொல்லை எம்.ஆர்.பி. ஒட்டி விற்கிறது. இதைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் யாராவது பாதிக்கப்படும்வரை காத்திருக்கக் கூடாது.

இன்றைக்கு என்ன செய்யலாம்?

கிரேடு 1 ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு எக்ஸோசோம் பரிசோதனை இன்னும் இல்லை. ஆனால், அவர் ரிப்போர்ட்டிலேயே ஒரு விடை ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் ஃபிப்-4. வயதை ஏ.எஸ்.டி. அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து, ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுங்கள். அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, வயது 42, ஏ.எஸ்.டி. 60, ஏ.எல்.டி. 49, பிளேட்லெட் 1.8 லட்சம். மேலே 42 பெருக்கல் 60, அதாவது 2,520. கீழே 180 பெருக்கல் 7, அதாவது 1,260. விடை 2. பொதுவாக 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இவர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். ஃபைப்ரோஸ்கேன் எடுத்துக் கல்லீரலின் விறைப்பை அளந்து பார்ப்பது நல்லது. 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமில்லை, 65-க்கு மேலே அளவுகோல் வேறு. அதனால் மொபைல் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

நமக்கு ஆதங்கம் ஒன்று உண்டு. இந்த நான்கு எண்களும் செக்கப் பேக்கேஜ்களில் பொதுவாக இருப்பவைதான். எத்தனை ரிப்போர்ட்டில் ஃபிப்-4 அச்சாகி வருகிறது? லேப் சாஃப்ட்வேரில் ஒரு வரி சேர்த்தால் போதும். ரீஏஜென்ட் செலவு, கூடுதல் ரத்தம் எதுவும் வேண்டாம். ஃபேட்டி லிவரை 2021இலேயே தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்த ஒன்றிய அரசு, இதையும் கட்டாயமாக்கலாம். கொழுப்பின் கிரேடைப் பெரிதாக அச்சடித்துவிட்டு, தழும்பின் கணக்கை நோயாளியின் தலையில் விடுவது என்ன நியாயம்?

மருந்துகளும் வர ஆரம்பித்துவிட்டன. தழும்பு விழுந்த, ஆனால் சிரோசிஸ் ஆகாத ஃபேட்டி லிவர் நோயாளிகளுக்கு ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரையை 2024 மார்ச்சில் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. ஒரு வருட ஆய்வில் சுமார் 25 சதவீதம் பேருக்குத் தழும்பு ஒரு படியாவது குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 14 சதவீதம். எடைக் குறைப்பு ஊசியாகப் பிரபலமான செமாக்ளூட்டைட் 2025 ஆகஸ்டில் இதே வரிசையில் சேர்ந்தது; அதில் 37 சதவீதம், வெற்று ஊசியில் 22. நான்கில் ஒருவர், மூன்றில் ஒருவர் என்றால் இன்னும் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. மீதிப் பேருக்கு எந்தக் கவர் வேலை செய்யும் என்று கண்டுபிடிக்கத்தான் மேலே சொன்ன ஆராய்ச்சியெல்லாம்.

மருந்து இல்லாத வழிக்கும் ஒரு எண் உண்டு. உணவு, உடற்பயிற்சி மூலம் எடையைக் குறைக்க முயன்ற 293 பேரை ஒரு வருடம் தொடர்ந்து, பயாப்சி எடுத்துப் பார்த்த கியூபா ஆய்வு 2015இல் வந்தது. உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இறக்கியவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தழும்பு பின்வாங்கியிருந்தது. 80 கிலோ இருப்பவருக்கு அது 8 கிலோ. அந்த அளவுக்கு இறக்கியவர்கள் ஆய்வில் பத்தில் ஒருவர் மட்டும்தான்.